கூட்டக் குறிப்பு

மாதத்தின் மூன்றாம் புதன், மாலை ஆறரை.
பள்ளி உணவுக்கூடத்தில் மடக்கு நாற்காலிகள்.
ஒன்பது வருடமாகக் குறிப்பெடுப்பவள் நான்.
யார் வந்தார், யார் என்ன கேட்டார்,
எல்லாம் என் கையெழுத்தில்.

விமானப்படை காலிசெய்துபோய் இருபத்தாறு வருடம்.
ஓடுபாதையில் புல், சில காலையில் கடமான்.
நிலத்துக்குக் கீழேதான்
இன்னும் காலிசெய்யவில்லை.

திரையில் வரைபடம் விழுகிறது.
மஞ்சள் திட்டு ஒன்று நாக்கை நீட்டித்
தெற்கே வந்து, வேலியருகே
சொல்லிவைத்தாற்போல் நிற்கிறது.

"தண்ணிக்கு வேலி தெரியுமா?"
பள்ளிப் பேருந்து ஓட்டும் கிஸ்லேன்
நான்கு அதிகாரிகளிடம் கேட்டுவிட்டாள்.
இரண்டு வருடத்துக்கொருவர் மாற்றலாகிறார்,
கேள்வி மாற்றலாவதில்லை.
"குறித்துக்கொண்டோம்" என்கிறார்கள்.
நானும் குறித்துக்கொள்கிறேன்.

லட்சம் கோடியில் எத்தனை பங்கு என்று
உருளைக்கிழங்கு விலைபோல் சரளமாகப் பேசுகிறோம் இப்போது.

கடைசி வரிசை, கதவோரம், அர்மான் சிர்.
தளத்தின் தீயணைப்பில் பத்தொன்பது வருடம் இருந்தவர்.
ஆறு வருடமாக வருகிறார்.
வருகைப் பட்டியலைத் தாண்டி
அவர் பெயரை நான் எழுதியதில்லை.

பிப்ரவரியில், வெளியே பனி தள்ளும் வண்டி இரைய,
"வேறு கேள்வி?" என்று மேஜர்
விளக்கைப் போடப் போனபோது எழுந்தார்.
நாற்காலிகளை விலக்கி நேராகத் திரைக்குப் போனார்.
மஞ்சளுக்கு வெளியே, வெறும் வெள்ளையில்
விரலை வைத்தார்.
வரைபடம் அவர் கைமேல் ஏறிக்கொண்டது;
மணிக்கட்டில் ஓடை ஓடியது.

"இங்கே. வெள்ளிதோறும் வண்டி கழுவுவோம்.
மிச்ச நுரையை இந்தப் பள்ளத்தில் விடுவோம்.
சோப்புத் தண்ணி என்றார்கள்.
என் பிள்ளைகளையே அதில் விளையாட விட்டேன்."

கிஸ்லேனின் வீடு
அந்த விரலுக்கு இரண்டு அங்குலம் கிழக்கே.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
எழுந்துபோய், விரல் இருந்த இடத்தில்
பேருந்துச் சாவியால் ஒரு கீறல் போட்டாள்,
பள்ளியின் திரையில்.

மே மாதம் அங்கே துளையிட்டார்கள்.
பூதம் கிளம்பும் என்று தெரிந்தே
கிணறு வெட்டச் சொல்லி மனுப்போட்ட ஊர்
எங்களுடையதாகத்தான் இருக்கும்.
பனிக்கட்டிப் பெட்டியில் பதினொரு குப்பிகள் போயின.
முடிவு வரவில்லை.

நேற்றைய தீர்மானம்: புதுத் திரை, நாற்பத்தெட்டு டாலர்.
எதிர்த்தவர்கள் இருவர்.
கீறல் இருக்கட்டும் என்றாள் கிஸ்லேன்.
வழிமொழிந்தவர்: அர்மான் சிர்.