மிச்சக் கறுப்பு

பனியாற்றை அளக்க வந்த கனடாக்காரி
போகும்போது மேசைமேல் விட்டுப்போனாள் அதை.
உறையிலிருந்து உருவினால்
அடுப்புக்கரியில் தோய்த்ததுபோல் முழுக்கறுப்பு.
"யார் செத்ததற்குத் துக்கம் காக்கிறது இது?"
என்றான் கணவனின் தம்பி நொலாஸ்கோ.
எலியூத்தேரியோ சிரிக்கவில்லை.
இடுப்பில் செருகினான்.
அப்புறம் சாப்பிடும்போதும் கழற்றவில்லை.

துரு அண்டாது என்று
கைச்சாடையில் சொல்லியிருந்தாள் அவள்.
பேக்கர் ஆற்றங்கரையில்
வருடத்தில் பாதி நாள் மழை,
மீதி நாள் மழை வரப்போகிறது.
துரு அண்டாத ஒன்றைப்
பார்த்துவிட்டுத்தான் சாவேன் என்றேன்.

முதல் மாதம் நுனியருகே ஒரு கோடு.
கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான்,
அழிந்துவிடும் என்பதுபோல்.
பிறகு லெங்கா விறகு.
ஈரக்கட்டைமேல் கத்தியை நிறுத்தி
முதுகில் அடித்துப் பிளப்பான்.
ஒவ்வொரு அடிக்கும்
மரம் கொஞ்சம் கறுப்பை வாங்கிக்கொண்டது,
பிளந்த முகத்தில் பென்சில் இழுத்தாற்போல்.
அந்தக் கோட்டோடேயே எரிந்தது.

வீட்டில் கணக்கு எழுதுகிறவள் நான்.
எத்தனை மூட்டை மாவு, எத்தனை கட்டுக் கம்பளி,
பூமா தின்ற ஆடு எத்தனை.
ஆகவே கேட்டேன்:
அந்தக் கறுப்பு எங்கே போகிறது?

உறைக்குள் விரலை விட்டேன்,
மைபோல் ஒட்டியது கொஞ்சம்.
குதிரைக் குளம்பின் சீவலில் கொஞ்சம்.
சாணைக்கல்லில் கொஞ்சம். அதை ஆறு கழுவியிருக்கும்,
கழுவியதைக் கடலில் போட்டிருக்கும்.
மிச்சம்?
சனிக்கிழமை, இரும்புச் சிலுவையில் விரித்து வாட்டிய ஆட்டின்
விலாவை அறுத்துத் தட்டில் வைத்தான்.
கொழுப்பின்மேல் மிளகுபோல் இரண்டு துணுக்கு.
நாங்கள் மிளகு வாங்கி எட்டு மாதம்.
நொலாஸ்கோ எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.
"இனி என் வயிறு துருப்பிடிக்காது."

மூன்றாம் கோடையில் கத்திக்கு வயிறு நரைத்தது.
கம்பெனிப் பெயரில் கடைசி எழுத்து மட்டும் நின்றது.
"துரு வந்ததா, சொல்" என்றான்.
பூச்சா தடுத்தது?
தினமும் இரத்தம், தினமும் கொழுப்பு,
தினமும் கால்சட்டைத் தொடையில் இரண்டு துடைப்பு.
நான் வாயைத் திறக்கவில்லை.
ஜெயித்தவன் சந்தோஷமாக இருக்கட்டும்.

மே கடைசியில் பித்தப்பையில் கல்.
கொய்ஹைக்கே வரை சரளைப் பாதை.
ஆஸ்பத்திரியில் கத்தி கூடாது என்று
கழற்றி என் கையில் தந்தான்,
கல்யாண மோதிரத்தைக் கழற்றித் தந்ததைவிட
மெதுவாக.
கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினேன்.
சீழ் என்றார்கள்.
இன்னோர் அறுவை என்றார்கள்.

இருபதாம் நாள் உருவினேன். உறை விடவில்லை.
இழுத்தேன்.
வெளுத்த இடமெல்லாம் செம்புள்ளி,
நொலாஸ்கோ மகளின் மூக்கில் இருப்பதுபோல்.
கைப்பிடி ஓரம்
நகமளவு கறுப்பு மிஞ்சியிருந்த இடத்தில் மட்டும்
ஒன்றுமில்லை.
ஆக, கனடாக்காரியும் பொய் சொல்லவில்லை.

சாம்பல், ஈரத்துணி, ஆட்டுக்கொழுப்பு,
ஒரு மாலை முழுக்க.
மறுபடி ஆணியில் மாட்ட மனம் வரவில்லை.
மறுநாள் என் இடுப்பில்.
உறைந்த கயிறு, வேலி வார், விறகு.
நொலாஸ்கோ இல்லாத ஒரு நாள்
முட்டியால் அழுத்திப் பிடித்துத்
தனியாக ஓர் ஆடு.
கணக்கில் "ஆடு 1" என்று மட்டும் எழுதினேன்.

ஜூலையில் வந்தான்,
பெல்ட்டில் புதிதாய் மூன்று துளையோடு.
முதலில் கத்தியைத்தான் கேட்டான்.
ஜன்னலருகே போய் ஒரு கண்ணை மூடி
விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்தான்.
அந்த நகமளவும் காணோம்.
"தீட்டிய கோணம் வேறாக இருக்கிறதே."
"ஆமாம்" என்றேன்,
திருப்பி வாங்கக் கையை நீட்டியபடி.
தோல் சீவாத உருளைக்கிழங்கு
ஒரு சட்டி நிறையக் கிடந்தது.