பசைப்பக்கம்

வெயில் ஏறட்டும் என்று பத்தரை வரை காத்திருந்தோம்.
பெங்களூர் வெயிலை நம்பி
எந்த ஸ்டிக்கரும் தானாக இளகிவிடாதுதான்.
ஆனாலும் கரண்ட் பில் நயாஸுடையது,
அவர் முன்னால் ஹீட் கன்னை
அவசரமாய் எடுக்கக் கூடாது.

ஜே.சி. ரோட்டின் முதுகில்
இரண்டு வண்டி நிற்கிற இடம்.
ஒன்றில் இன்று ஆம்புலன்ஸ்.
டிரஸ்ட்டை மூடிவிட்டார்களாம்.
வாங்கியிருப்பவர்
வீடு வீடாகப் போய் நாய்களுக்கு முடி வெட்டுகிறவர்.
வியாழக்கிழமைக்குள் வெள்ளையாக வேண்டும்,
ரிப்பன் கட்டிய நாய்ப்படம் அச்சாகிவிட்டது.

மூலையை நகத்தால் கிளப்பு,
சூட்டைக் காட்டு, விலக்கு, காட்டு,
தன்மேலேயே மடித்து மெல்ல இழு.
அவசரப்பட்டால் பெயின்ட்டும் கூட வரும்,
தயங்கினால் பசை மட்டும் தங்கும்.
யாரும் சொல்லித்தரவில்லை எனக்கு.
ஒரு பள்ளி வேனின் கதவைப் பாழாக்கிக் கற்றது,
நாலாயிரம் ரூபாய், ஆறு தவணை.

பக்கவாட்டுச் சிவப்புப் பட்டை ஒரே உரியலில் வந்தது.
கன்னட எழுத்துகள் பொடிந்து பொடிந்து வந்தன.
யாருடைய நினைவாகவோ கொடுத்த வண்டி,
அந்த வரியில் பெயர் மட்டும்
நேற்று ஒட்டியதுபோல் விடாப்பிடியாய் இருந்தது.
மண்ணெண்ணெயில் துணி நனைத்து
அரைமணி அதன்மேல் போர்த்திவைத்தான் தனவேல்,
காய்ச்சல்காரன் நெற்றிக்குப் போடுவதுபோல்.

பிறகு முன்பக்கம்.
முன்னால் போகிறவர்கள் கண்ணாடியில் வாசிக்க
இடம் வலமாய் எழுதிய
அந்த ஒற்றைச் சொல்.
எத்தனை ஆட்டோ அதைப் பார்த்து ஒதுங்கியிருக்கும்,
சில்க் போர்டில்
எத்தனை ஒதுங்க இடமில்லாமல் நின்றிருக்கும்.

உரித்த எழுத்தைத் தரையில்
பசைப்பக்கம் மேலாக வைப்பது என் வழக்கம்,
இல்லாவிட்டால் தரையோடு இன்னொரு மல்லுக்கட்டு.
ஒன்பது வருஷத்தில் நான் உரித்த பெயர்களெல்லாம்,
பால் கம்பெனி, கேப் கம்பெனி, ஓட்டுக் கேட்ட வேன்,
கழன்றதும் இடம் வலம் மாறி
ஒருவருக்கும் புரியாமல் படுத்துக்கிடக்கும்.
இது ஒன்றுதான்,
வலக்கோடியிலிருந்து ஒவ்வொன்றாய்ப் பிரித்து
வரிசையாய்க் கிடத்தியபோது
நேராய் வாசிக்க வந்தது:
ஆம்புலன்ஸ்.
சாம்பல் நிறத்தில், பிசுபிசுப்பாக,
வானத்தைப் பார்த்து.

நடு எழுத்தில் ஈ ஒன்று இறங்கி
எழ முடியாமல் தவித்தது.
குச்சியால் நெம்பிவிட்டேன்.
ஒரு காலை அங்கேயே விட்டுப் பறந்தது.

மதியம் தின்னர்.
பசையை மட்டுமா தின்னும்?
போன மாதம் ரேஷன் கடை மெஷின்
என் கட்டைவிரலை நாலுமுறை தடவிப் பார்த்து
யாரென்று தெரியாது என்றது.

பசை போனது. எழுத்து போகவில்லை.
ஸ்டிக்கருக்கு அடியில் வெயில் படாத பெயின்ட்
ஷோரூம் வெள்ளையில் அப்படியே,
சுற்றிலும் பழுத்த வெள்ளை.
தலையைச் சாய்த்துப் பார்த்தால்
பின்கதவில் பத்து இலக்கம், தெளிவாக.
பாலிஷ் மெஷினை நான் எடுத்து வருவதற்குள்
தனவேல் அதைப் போனில் அடித்திருந்தான்.
விளையாட்டுக்குத்தான்.
ஸ்பீக்கரில் வேறு போட்டான்.

இரண்டாவது மணியிலேயே எடுத்த குரல்
யார் என்று கேட்கவில்லை, ஹலோகூட இல்லை.
பின்னால் குக்கர் விசில், ஒரு குழந்தை.
‘எல்லிகே பரபேக்கு, ஹேளி.’
எங்கே வரணும், சொல்லுங்க.

தனவேல் பேசவும் இல்லை, கட் பண்ணவும் இல்லை.
‘ஹேளி, ஹேளி’ என்றது குரல்,
எதையோ தேடி எடுக்கிற சத்தம்,
சாவியாய் இருக்கலாம்.

நான் போனைப் பிடுங்கி
ராங் நம்பர் என்றேன், என் அரைக் கன்னடத்தில்.
பரவாயில்லை என்றது.
ஆனால் வைக்கவில்லை,
நாங்கள் முதலில் வைக்கட்டும் என்று
காத்துக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்.
கடைசி இலக்கத்தை முதலில் தேய்த்தேன்.