அறை எண் ஆறு

வருடத்துக்கு இரண்டு முறை
வெலிங்டனிலிருந்து அந்தத் தாள் வரும்.
பள்ளிக்கூடத்தில் போலவே
ஒழுங்காகவும் நன்றாகவும் கற்பிக்கிறேன் என்று
நான் கையெழுத்திட வேண்டும்.
நன்றாக என்பதைப் பேனா தாண்டிவிடும்.
ஒழுங்காக என்ற இடத்தில்தான்
நின்று, மை ஊறும்.

செவ்வாய்க்கிழமையையே எடுத்துக்கொள்ளுங்கள்.
பின்னம் சொல்லித்தரச் சுட்ட ஆப்பிள் பையை
எட்டாக வெட்டக் கத்தி எடுக்கிறேன்,
ஆற்றோர வேலியில் ஒரு செம்மறி
ஈன முடியாமல் திணறுகிறதென்று
வயர்லெஸ்ஸில் டூகல் கூப்பிடுகிறான்.
அவன் கை பெரிது.
என் கையும் பெரிதுதான்.
மெரினுக்கு ஏழு வயது.
சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு
மழைச் சேற்றில் குப்புறப் படுத்து
கண்ணை மூடிக்கொண்டு தேடினாள்:
இது ஒரு கால்
இது இன்னொரு கால்
இந்தக் கால் வேறு ஆளுடையது
மூக்கு எங்கே, மூக்கு.
இரண்டு குட்டிகள். ஒன்று மூச்சுவிடவில்லை.
"இரண்டில் ஒன்று" என்றாள்,
கையைப் புல்லில் துடைத்தபடி.

அதை நான் கணக்கில் எழுதவா, அறிவியலிலா?
பதிவேட்டில் அன்றைய கட்டம் இன்னும் காலி.
பையை நாய் தின்றுவிட்டது,
பங்கிடாமல்.

குறைவைத்தேன் என்று யாரும் சொல்ல முடியாது.
தபாலில் வரவழைத்த மின்சுற்றுப் பெட்டி
(சிவப்புக் கம்பியைக் காணோம்),
பத்துப் பத்தாய்க் கோத்த பொத்தான் சரங்கள்,
மழைமானி,
எதிர்ப் பண்ணை மக்காஸ்கில் கடன் தந்த நுண்ணோக்கி.
அதன் அடியில் போகாத பொருள்
இந்த வீட்டில் இல்லை:
சர்க்கரை, உண்ணி, டூகலின் புருவமுடி.
கதவிலிருந்து தபால்பெட்டிவரை
அவள் பூட்ஸுக்கு நானூற்றுப் பன்னிரண்டு அடி.
போன குளிர்காலத்தில் நானூற்று நாற்பது இருந்தது.
பாதை குறுகிவிட்டதா என்று கேட்டேன்.
அரை நாள் யோசித்தாள்.

அப்புறம் அந்தக் கணக்குப் பயிற்சி நூல்.
இன்வர்கார்கில் நூலகம் கழித்துப்போட்ட பெட்டியில்
ஐம்பது சென்ட்.
யாரோ முழுக்கப் பென்சிலில் போட்டு
முழுக்க அழித்திருந்தார்கள்.
முதல் பக்கத்தில் மட்டும் அழியாத மையில்
ரெவி, அறை எண் 6.

நான் ரப்பரை நம்பினேன்.
அவள் விளக்கைச் சாய்த்துப் பிடித்தாள்.
பென்சில் போனாலும் பள்ளம் போவதில்லை.
முப்பத்தோராம் பக்கம் வரை எல்லாம் சரி;
மகள் கெட்டிக்காரி என்று
டூகலிடம் பீற்றிக்கொண்டும் ஆயிற்று.
பிறகு, ஏழெட்டு ஐம்பத்து நான்கு.
எப்படி என்றேன்.
"ரெவிக்கும் அதுதான் வந்தது."

திட்ட வாயெடுத்தேன். அதற்குள் கேட்டாள்:
"அறை எண் ஆறு எங்கே இருக்கிறது?"
பள்ளிக்கூடத்தில் அறைகளுக்கு எண் உண்டு என்றேன்.
எழுந்து வீட்டை எண்ணப் போனாள்.
சமையலறை ஒன்று,
அவள் படுக்கை இரண்டு,
குளியலறையைச் சேர்த்தும்
ஐந்தோடு வீடு தீர்ந்துவிட்டது.
மழைக்கோட்டு இல்லாமல் ஓடினாள்.

நான் போய்ப் பார்க்கும்போது
கம்பளிக் கொட்டகையின் கதவில்
சாக்கட்டியால் ஒரு ஆறு,
வயிறு பெருத்த ஆறு.
உள்ளே கவிழ்த்த வாளி இரண்டு, பக்கத்தில் பக்கத்தில்.
ஒன்றில் அவள்.
மற்றதில் யாருமில்லை,
ஆனால் புத்தகம் அந்தப் பக்கமாகவே
கொஞ்சம் தள்ளி வைக்கப்பட்டிருந்தது.

எல்லாம் வாங்கினேன்.
எட்டிப் பார்த்து எழுத ஒருவனை
வாங்க எனக்குத் தோன்றவில்லை.

ஏழு வாளிக்கு எட்டெட்டுப் பொத்தான் போட்டு
திரும்பத் திரும்ப எண்ணினோம்,
கொட்டகைத் தகரத்தில் மழை
எங்கள் எண்ணிக்கையைக் கலைத்துக்கொண்டிருக்க.
ஐம்பத்தாறு.
அவள் தன் விடையை அடித்தாள்.
அதன் கீழே, நாக்கைக் கடித்துக்கொண்டு,
பேனாவில் எழுதினாள்:
ரெவி, இது 56. நானும் தப்பாகத்தான் போட்டேன்.

தாள் குளிர்பெட்டிக் கதவில்
காந்தத்துக்கு அடியில் இருக்கிறது.
வெள்ளிக்குள் அனுப்ப வேண்டும்.