பதினேழாம் கேள்வி

முப்பது கேள்விகளைப் பதினொன்றாக்க வேண்டும்.
பெர்கனில் மழை. ஜன்னலோரம் என் அட்டவணை.
ஒரே வலியை இருமுறை விசாரித்தவை
முதலில் போயின:
தலை வாருவது, கோட்டுக்குள் கை நுழைப்பது,
முதுகுக்குப் பின்னே கொக்கி மாட்டுவது.
போகட்டும். நோயாளிக்கு நேரமில்லை,
மருத்துவருக்கு அதைவிட இல்லை.

பதினேழு மட்டும் அடம்பிடித்தது.
"தலைக்கு மேலுள்ள தட்டில்
ஒரு ஜாடியை வைக்க முடிகிறதா?"
மீன் ஆலை ஹால்வார்ட்
முதல் தாளில் "முடியவே முடியாது" என்றார்;
பதினைந்தாம் நாள், "சிரமமே இல்லை".
தோளோ அதே தோள்.
மற்ற விடைகளில் ஒரு புள்ளி நகரவில்லை.

போன் செய்தேன்.
"தட்டைக் கழற்றி
இடுப்பளவில் மாட்டிவிட்டேன்," என்றார்,
கணக்குத் தீர்ந்த குரலில்.

நிலையற்ற கேள்வி. நீக்கினேன்.
மிஞ்சிய பதினொன்றும் நன்றாகவே அளக்கின்றன,
ஆல்ஃபா அழகாக வந்திருக்கிறது.

வலது கை ஏறாதவர்
மேல்தட்டை எப்படி இறக்கினார்?
இடது கை, சமையலறை முக்காலி,
நான்கு திருகாணி,
ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை.
கேட்க எனக்குத் தோன்றவில்லை.
அவரே சொன்னார்,
போனை வைக்கும் முன்.