புள்ளி பூஜ்யம் ஆறு

ஜூன் மாதம். கூலரில் தண்ணீர் தீர்ந்து
வெறும் காற்றை அரைத்துக்கொண்டிருந்தது.
ஜன்னல் வலையைப் பிடித்துத் தொங்கியபடி
யாருடைய சப்பாத்தியையோ தின்ற குரங்கு
நிலுவையில் கிடக்கும் கோப்பைப் பார்ப்பதுபோல
என்னைப் பார்த்தது.

அந்த வாரத்துக்குள் நெல்லுக்குக் கணக்கு முடிக்க வேண்டும்.

"மதராஸி பாபு, இது உங்க ஊர் எழுத்து"
நேகி மேடம் ஒரு படிவத்தை மேசையில் வைத்தார்.
செய்யாறு வட்டம். கள அலுவலர் இருசப்பன்.
பயிரிடுபவர் அஞ்சலாட்சி. இரண்டே கால் ஏக்கர், கிணற்றுப் பாசனம்.
விதை, யூரியா, டிராக்டர் வாடகை,
அறுவடை மெஷினுக்கு மணிக்கு இவ்வளவு என்று
எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது.
ஓரத்தில் மட்டும் பென்சிலில், பொடி எழுத்தில்:

'இந்தம்மா கேக்குறாங்க சார்.
மும்முனை கரண்ட்டு ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் வருது.
எழுந்து போயி மோட்டாரு போட்டு
மடை மாத்திட்டு வந்து படுக்க அரை மணி ஆவுதாம்.
அதுக்கப்புறம் தூக்கம் வர்றதில்லியாம்.
எந்தக் கட்டத்துல எழுத?'

"நம்பர் ஏதாவது இருக்கிறதா?" என்றார் மேடம்.
இருபத்திரண்டு வருட இந்தியில் துழாவினேன்.
மடைக்கே வார்த்தை சிக்கவில்லை.
"அரை மணி" என்றேன்.

எட்டு மணி நேரம் ஒரு மனித நாள்.
அரை மணி என்றால் புள்ளி பூஜ்யம் ஆறு.
கொஞ்சம் மிச்சம் வரும், அதை விட்டுவிட்டேன்.
பயிருக்கு எழுபது இரவு என்று வைத்துக்கொண்டு
குடும்ப உழைப்பில் சேர்த்தேன்:
நாலு நாள் கூலி,
பெண்ணுக்கு உள்ள விகிதத்தில்.

வராத தூக்கத்துக்குக் கட்டம் கிடையாது.
சொந்த நிலத்துக்கு வாடகை, போட்ட முதலுக்கு வட்டி
இதெல்லாம் சி-டூ. அது வேறு தாள்.
அந்தத் தாளையும் சுத்தமாகத்தான் போடுகிறோம்.
விலை வைக்கும் நேரத்தில்
அதன்மேல் டீக்கோப்பை இருக்கும்.

அஞ்சலாட்சியின் நாலு நாள்
மாவட்டத்தில் கரைந்து, மாநிலத்தில் கரைந்து
பஞ்சாபோடும் ஒடிசாவோடும் கலந்து
குவிண்டாலுக்குச் சில்லறைப் பைசாவாய் நின்றது.
பைசாவை நாங்கள் முழு ரூபாயாக்குவோம்.
அன்றைக்கு அது கீழ்ப்பக்கம் போனது.

'செலவைப் போல ஒண்ணரை மடங்கு' என்று அறிவிப்பு வந்தது.
எந்தச் செலவு என்று டிவியில் ஒருவர் கேட்கத் தொடங்கினார்,
விளம்பரம் வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் முனிர்க்காவில்
சிகாமணி கடைப் பொன்னி மூட்டைக்கு அறுபது ரூபாய் கூடியிருந்தது.
"அநியாயம்" என்றேன்.
தேடவே இல்லை, நல்ல தமிழில் தானாக வந்தது.
சிகாமணி சிரித்தார்:
"ஒமக்கென்ன சார், ஜூலையில படி ஏத்துவாங்கல்ல?"

ஏற்றினார்கள்.
அரிசி ஏற ஏற என் சம்பளம் ஏற ஒரு சூத்திரம் இருக்கிறது.
யாரும் பென்சிலில் கேட்டு எழுத வேண்டியதில்லை.
பஞ்சப்படி என்று அதற்குப் பெயர் வைத்தவன்
பஞ்சத்தை ஒரு வீட்டிலும் படியை ஒரு வீட்டிலும்
இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

ஆகஸ்டில் ஒரு சுற்றறிக்கை தட்டச்சு செய்தேன்:
'கள அலுவலர்கள் படிவத்தின் ஓரங்களில் எழுதுவதைத் தவிர்க்கவும்.
ஸ்கேன் எந்திரம் பிழையாகப் படிக்கிறது.'
தமிழ்நாட்டுக்குப் போகும் நகலில்
என் சுருக்கொப்பமே போதும் என்றார் மேடம்.

அடுத்த போகத்துப் படிவங்கள் வந்தன.
இருசப்பனுடையதைத் தேடி எடுத்தேன்.
ஓரம் வெள்ளையாக இருந்தது.
ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தபோது
ஆறேழு வரிக்கு ரப்பர் போட்ட தடம்.
விரல் வைத்தால் சொரசொரத்தது.