நடு உறையாத கட்டி

குருநகர் ஐஸ் தொழிற்சாலையில்
ஒரு கட்டி உறைய இருபத்திரண்டு மணித்தியாலம்.
நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை.
கணக்கு அவ்வளவுதான்.
கூட்டம் கூட்ட வேண்டியிருந்தது.

கொழும்புக் கடிதத்தைச் சங்கத் தலைவர்
இரண்டு தரம் வாசித்தார்.
மறுசீரமைப்பு என்று ஒரு சொல்.
"வீட்டுக்கு அனுப்பிறதெண்டு நேரை எழுதினா என்னவாம்?"
பின் வாங்கிலில் இருந்து எமிலியானுஸ்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
இரவு முழுக்க மண்ணெண்ணெய் வரிசையில் நின்றுவிட்டு
கானோடு வந்திருந்தான்.
வெறும் கான்.

நான் முகாமையாளர்.
பதினொரு பெயரையும் பென்சிலால் எழுதி வைத்திருந்தேன்.
பேனையைத் தொடத் துணியவில்லை.

ஐஸ் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்:
கட்டி வெளியிலிருந்துதான் உறையும்.
இடையில் கரண்ட் போனால்
பார்வைக்கு முழுக்கட்டி,
தூக்கினால் உள்ளே தண்ணி குலுங்கும்.
அந்த மாதம் நாங்கள் எல்லாரும்
அப்படித்தான் ஒருவருக்கொருவர்
காலை வணக்கம் சொல்லிக்கொண்டோம்.

தகரம் கழுவுகிற றெஜினம்மா எழும்பினா.
"பெரிய தகரத்தைக் குறுக்காலை வெட்டுவம்.
சின்னக் கட்டி எட்டு மணித்தியாலத்திலை பிடிக்கும்."
"ஆர் வாங்குவினம்? படகே போகேல்லை."
"படகு நிண்டா செத்தவீடு நிக்குதே?"

வெட்டி ஒட்ட நாலு நாள்.
வெல்டிங் கடைக்காரனும்
கரண்டுக்குத்தான் காத்திருந்தான்.

மூன்று சிப்ட் ஒன்றாகியது.
அதுவும் எங்களுடையதல்ல, மின்சார சபையினது.
இரவு இரண்டரைக்கு வெளிச்சம் வந்தால்
இரண்டரைக்கு வேலை.
எட்டுப் பேருக்குத்தான் சம்பளம் காணும்.
பதினொன்றில் எட்டுப் போனால் மூன்று.
இந்தக் கழித்தலை
எந்தச் சின்னத் தகரமும் மாற்றித் தரவில்லை.

ஒருவர் காலில் வருத்தமென்று தானே விலகினார்.
ஜெனிஸ்ரனை நான் நிறுத்தினேன்,
கடைசியாய்ச் சேர்ந்தவன் என்ற நியாயத்தில்.
கொம்பிரசரின் சத்தத்தில் அதன் நோயைச் சொல்ல
அவன் ஒருவனுக்குத்தான் தெரியுமென்பது
அது நின்ற அன்றைக்குத்தான்
எனக்குத் தெரிந்தது.

மூன்றாவது பெயரை அழித்தேன்.
தாளில் தடம் கிடந்தது.
அந்தச் சம்பளத்தை, என்னையும் சேர்த்து,
எல்லாரிலும் வெட்டினேன்.
வெட்டு அதிகமென்று
எமிலியானுஸ் இப்போது என்னோடு கதைப்பதில்லை.
அழிந்தது தன் பெயரென்று அவனுக்குத் தெரியாது.

முதல் சின்னக் கட்டியை
ரோச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம்.
நடுவில் ஒரு வெள்ளைக் கோடு.
தண்ணி இல்லை.
தலைவர் ஏதோ பேசத் தொண்டையைச் செருமினார்.
"வித்துப்போட்டுக் கதைப்பம்" என்றா றெஜினம்மா.
வாசலில் சாக்கோடு நின்ற சைக்கிள்காரன்
இரண்டாம் தரம் மணி அடித்தான்.