ஓடிய தூரம்

பெங்களூர்க்காரர் கேட்டது ஒரே கேள்வி:
ஒரிஜினலா?
அறுபத்தெட்டாம் வருட மஸ்டாங்.
ரேஸ்கோர்ஸ் பங்களாவின் பின்கட்டில்
மாங்கொட்டைக்கும் எலிப்புழுக்கைக்கும் நடுவே
முன்னங்கால் மடக்கி உட்கார்ந்திருந்தது,
இரண்டு டயரில் காற்றில்லாமல்.

சர்வேயருக்குக் கூச்சம் ஆகாது.
கதவிடுக்கில் பிளேடு வைத்துச் சுரண்டினேன்.
மேலே வெள்ளை. அதன்கீழ்
பம்புசெட்டுக்கு அடிக்கிற அதே பச்சை;
டப்பாவில் மிஞ்சியதை யாரோ வீணாக்கவில்லை.
அதன்கீழ் செங்கல் நிறப் பிரைமர்.
அதற்கும் அடியில், நகக்கண் அளவு,
ஒரு நீலம்.
அதை மட்டும் படமெடுத்து அனுப்பினேன்.
பதிலுக்குக் கும்பிடு வந்தது.

வலப்பக்க ஸ்டீயரிங் பொய்.
டேஷ்போர்டுக்குப் பின்னால் தகரத்தில்
அம்மைத் தழும்புபோல் ஒரு வட்டம்:
இடப்பக்கத் தண்டு நுழைந்த ஓட்டையை
பீளமேட்டு லேத்துப் பட்டறை ஒன்று மூடியிருக்கிறது.
வெல்டிங் அத்தனை சுத்தம்.
குற்றத்தைக் குறித்துக்கொண்டேன்,
கையைப் பாராட்டிவிட்டு.

கஸ்டம்ஸ் காகிதத்தில் ரங்கபூபதி, மில் முதலாளி மகன்.
ஆர்.சி. புத்தகத்தில் நாலு பெயர்;
மூன்றாவதைக் கரையான் தின்றிருந்தது.

பானெட்டைத் தூக்கினால்
பெர்கின்ஸ் டீசல்.
வேன்காரர்கள் மாட்டிக்கொள்ளும்
இருமல் பிடித்த நாலு சிலிண்டர்.

"எட்டு சிலிண்டர் எங்கே?"
வாட்ச்மேன் பீடியை அணைத்தார்.
"அத எப்பவோ சோமனூர்ப் பக்கம்
தூக்கிட்டுப் போயிட்டாங்.
எதுக்குன்னு மட்டும் கேக்காதீங்."

கேட்டேன்.
பழைய இரும்புக் கடைகள், வங்கி ஏல நோட்டீஸ்,
தப்பான இரண்டு எஞ்சின்,
பதினோரு நாள்.

தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசினார் தெய்வாத்தாள்.
"எழுவத்தஞ்சுல கரண்டே இல்லீங்.
வரவேண்டிய கடனுக்குப் பதிலா
எங்கய்யன் இந்த மெசினத் தூக்கிட்டு வந்தாரு.
எட்டு சிலிண்டருக்கு எட்டுத் தறி.
பெட்ரோல்ல கிளப்பி
மண்ணெண்ணெயில ஓட்டுவோமுங்.
ஊரே இருட்டுல கெடக்கும்.
எங்க கொட்டாயில மட்டும் நாடா ஓடும்."

மூலையில், சாக்குக்கு அடியில்,
மேலெல்லாம் பஞ்சுத்தூசி மண்டி
மயிர் முளைத்த இரும்பு.
துணியால் துடைத்தேன். மண்ணெண்ணெயால்.
பிறகு பல்தேய்க்கும் பிரஷ்ஷால்.
பின்விளிம்பில் எண்கள்
ஒவ்வொன்றாகக் கண் விழித்தன.
கதவுத் தகட்டின் கடைசி ஆறு எண்.
அதே ஆறு.
ஊடைநூல் கூடைமேல் உட்கார்ந்துவிட்டேன்.
யாரும் திட்டவில்லை.

அவர் ஒரு நீளக் கணக்கு நோட்டை எடுத்துவந்தார்.
மூன்றாம் பிஸ்டன், கணபதி ஃபவுண்டரி, நூற்றெண்பது ரூபாய்.
ஆறாம் பிஸ்டன், அதே இடம், பேரம் பேசி நூற்றறுபது.
பெல்ட். மறுபடி பெல்ட்.
காதுகுத்துக்கு எஞ்சின் நிறுத்தம், ஒரு நாள்.
ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும்
அன்றைக்கு இறங்கிய காடாத்துணி, மீட்டரில்.

"மெசினு பல லட்சம் போகும்" என்றேன்.
"எடுத்துட்டுப் போகச் சொல்லுங்.
நோட்டக் குடுக்க மாட்டேன்.
அய்யன் யாருக்கு எவ்வளவு பாக்கின்னு
அதுலதான் இருக்குது."

அங்கேயே உட்கார்ந்து கூட்டினேன்.
ஆறு வருடம்,
நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.
விரித்துக்கொண்டே போனால் பெங்களூர் வந்துவிடும்;
அதற்குப் பிறகும்
ஒரு ஊருக்குப் போர்த்தத் துணி இருக்கும்.

அறிக்கை ஒன்றரைப் பக்கம்.
பெயிண்ட்: இல்லை. ஸ்டீயரிங்: இல்லை.
பிஸ்டன்: எட்டில் ஆறு.
எஞ்சின் எண்: பொருந்துகிறது.
ஓடிய தூரம் என்ற கட்டத்தில்
முப்பத்தெட்டாயிரத்து இருநூற்றுப் பதினாலு மைல் என்று எழுதி,
பேனாவை மூடி,
திறந்து,
பக்கத்திலேயே மீட்டரையும் எழுதினேன்.

ராத்திரி ஒன்பது மணிக்கு போன்.
"மேடம், எல்லாம் புரியுது.
இந்தக் கடைசி மீட்டர்,
இது எந்த மீட்டர்?"